காரமில்லாத குழம்பு

எழுபதுகளில் நான் புற்றுநோய் ஆராய்ச்சி மாணவி. வாரத்தில் மூன்று நாள், ஆய்வுக்கூட எலிகளின் கன்னத்துக்குள் பிரஷ்ஷால் ரசாயனம் தடவுவேன். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பேன். கட்டி வந்திருந்தால் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுவேன்.

வீடு ராயபுரத்தில். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். வாயில் எந்நேரமும் புகையிலை. ஒரு வருஷம் எங்கள் வீட்டு மீன் குழம்பில் காரமே இல்லாமல் போனது.

"இது இன்னா, கொழம்பா கழனித்தண்ணியா?" என்று தட்டைத் தள்ளினேன்.

"நைனாவுக்கு வாய் எரியுதாம்டி, காரம் தொட முடியல" என்றாள் அம்மா.

வாய் எரிச்சல். நோயின் முதல் அறிகுறி என்று என் நோட்டின் முதல் பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். படித்த மூதேவிக்கு அது உறைக்கவில்லை. என் சோற்றில் மட்டும் மிளகாய்ப்பொடியைத் தூவிக்கொண்டு தின்றேன்.

ஒரு ஞாயிறு சர்ச்சில், பூசையில் நற்கருணை வாங்க நைனாவின் பக்கத்தில் முழந்தாளிட்டேன். சாமியார் அப்பத்தை அவர் நாக்கில் வைக்கக் குனிந்தார். நைனாவின் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும், "ஏன் நைனா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"தெனமும் எலி வாயையே பாத்துகினு வர்றே. வூட்லயும் அதே பேஜாரு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன் கண்ணு."

அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து டார்ச் அடித்தேன். கன்னத்தின் உட்புறம், எலிகளுக்கு வரும் அதே இடத்தில், அது இருந்தது.

என் கை தானாகப் பைக்குள் ஸ்கேலைத் தேடியது.