கேட் திறக்கும்வரை ஒரு பாட்டு

அலமாரியில் கிடைத்த பழைய கேசட்டில் நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் டீக்கடை மண்ணெண்ணெய் வாடை இன்னும் இருந்தது. திருத்தணி ரயில்வே கேட்டை ஒட்டியிருந்த அந்தக் கடை நின்ற இடத்தில் இப்போது மேம்பாலத்தின் தூண் நிற்கிறது. கேட் மூடியதும், பொதட்டூர்பேட்டை பஸ்ஸும் லுங்கி மூட்டை ஏற்றிய வண்டிகளும் காத்து நிற்க, காதர் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்து புல்புல்தாரா என்ற தந்தி வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகத் தானே கட்டிய பாட்டைப் பாடுவார். ரயில் போய்க் கேட் திறந்ததும், எந்த வரியில் இருந்தாலும் நிறுத்திவிடுவார்.

"பாட்டுக்குக் கடைசி என்னா பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்டு தொறந்தா அதாம்மா கடைசி."

ஒருமுறை சென்னையில் ஒரு கம்பெனியில் காதர் பாயைக் கேசட் போடக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போனவர், அவர்கள் வேண்டாமென்று கொடுத்தனுப்பிய கேசட்டோடு சாயங்காலமே திரும்பினார்.

"எங்க நிறுத்தறதுன்னே தெரிலண்ணா, பாடிக்கினே இருந்தேன்" என்று நைனாவிடம் சொன்னார். கடையே சிரித்தது. நானும்தான்.

இன்று, அவர் நைனாவிடமே விட்டுப்போன அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு அடி முடிந்ததும் சற்று நிறுத்துகிறார், எதற்கோ காது கொடுப்பவர்போல. ரயில் வரவில்லை. மறுபடி பாடுகிறார்.