விதைக்கு விட்ட பட்டாணி

ஒரு பயிரில் சிறந்ததையெல்லாம் விதைக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தையே காலமெல்லாம் சாப்பிடுகிறவருக்கு, அந்தப் பயிரின் ருசி தெரியும் என்று சொல்லலாமா? தையல்காரரைப் பார்க்கிற யாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

அவர் வீட்டுக்குப் பின்னால், துவைக்கும் கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண். அதில் பச்சைப் பட்டாணி போடுவார். சந்தைக்கு விளைவிக்கிறவர்களுக்குக் காயெல்லாம் ஒன்றாகத் திரள வேண்டும். இரண்டு பேர் சாப்பிடுகிற வீட்டுக்கு அது ஆகாது. தினம் ஒரு கைப்பிடி போதும்; ஆனால் நெடுநாள் வர வேண்டும். தோல் மெலிசாக இருக்க வேண்டும், கொடி மதிலைத் தாண்டக் கூடாது. செடிக்கு ஒரே ஒரு மணியைப் பச்சையாகக் கடித்துப் பார்ப்பார். மனதுக்குப் பிடித்த செடியில் சிவப்பு நூல் கட்டுவார். அதன் காய்கள் கொடியிலேயே காய்ந்து சலசலக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. இப்படிப் பத்து வருஷத்துக்கு மேலாகக் கழித்தும் பொறுக்கியும், அந்த ஒரு முழ மண்ணுக்கென்றே ஒரு பட்டாணி தேறியிருந்தது.

அந்த வருஷம் இலைகளில் சாம்பல் பூத்துவிட்டது. நோய் அண்டாமல் நின்றவை நான்கே செடிகள். டப்பாவில் இருந்த பழைய விதையை வண்டு குடைந்திருந்தது. இனி எல்லாம் அந்த நான்கை நம்பித்தான். நான்குக்கும் நூல் கட்டிவிட்டு, மனைவியின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். வீட்டைப் பார்த்துக்கொள்ள மைத்துனன் வந்திருந்தான். லாரி ஓட்டுகிறவன். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

மனைவியோடு திரும்பி வந்தபோது மைத்துனன் பட்டாணியை உப்புப் போட்டு வேகவைத்து இறக்கியிருந்தான். தையல்காரர் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். நூல் கட்டிய கொடிகள் நான்கும் மொட்டையாக நின்றன. உள்ளே வந்து தட்டின் முன் உட்கார்ந்தார்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மைத்துனன் சொன்னான்: “நல்லதா பாத்து நூல் கட்டி வச்சிருந்தீங்களே அத்தான். அக்காவுக்குத்தான்னு நெனச்சேன்.”

வேறு யாருக்கு என்று யோசித்தபடியே அவர் மனைவியின் தட்டில் பட்டாணியை எடுத்துப் போட்டார். ஆஸ்பத்திரியில் சோற்றைத் தொடவே மாட்டேன் என்றிருந்த மனைவி, ஒரு வாய் மென்றதும் நிறுத்தினாள். கட்டுப் போடாத கண்ணால் அவரை முறைத்தாள்.

“அப்போ இத்தன வருஷமா எனக்குப் போட்டதெல்லாம் கழிச்ச சரக்கா?” என்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினாள்.

பத்து வருஷத்து விதை போயிற்று. ஆனாலும் சாப்பிட்டார். ஒரு மணியைக் கடித்துத் தீர்ப்புச் சொல்வது வேறு, வாய் நிறையத் தின்பது வேறு என்று அன்றுதான் தெரிந்தது. அவள் தட்டு காலியாவதைப் பார்த்துக்கொண்டே தானும் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவும்போது, “நல்லா வெந்திருந்துச்சு மாப்பிள்ளை” என்றார். அவர் நன்றி சொன்னால் அவ்வளவுதான் இருக்கும். மைத்துனனுக்கு அது புரிந்தது. ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

நூல் கட்டிய அந்த நான்கு கொடிகளையும் காய்ந்தபின் பிடுங்கும்போது, அடியில் மதிலோடு ஒட்டிக்கொண்டு தப்பிப் பிழைத்த ஒரு காய் கிடைத்தது. உள்ளே சுருங்கிய ஆறு விதைகள். அவற்றைப் பொத்தான் டப்பாவில் பத்திரமாக வைத்தார். மறுபடி விதைக்கிற பருவம் வந்ததும் மனைவி மண்ணைக் கிளறித் தயாராக வைத்தாள். அவரோ ஆறையும் ஒரு துண்டுத் துணியில் முடிந்து, கீரைகூட வளர்த்தறியாத மைத்துனனின் சட்டைப் பையில் போட்டு அனுப்பினார். தன் மண்ணில் கடையில் வாங்கிய விதையைப் போட்டார். மனைவி எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தாள். “அவன்னா நூல் கட்டி வைக்க மாட்டான், சாப்பிட்டுடுவான்” என்பதற்கு மேல் அவர் காரணம் சொல்லவே இல்லை.