ரூபாயின் படம்

யுத்தகாலத்தில் எங்களுக்கு முதன்முதலாகக் கூலியாக வந்த ஒற்றை ரூபாய் நோட்டில், வெள்ளி ரூபாயின் படத்தை அச்சடித்திருந்தார்கள். என் நாத்தனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “படத்தைக் குடுத்துட்டாங்க, ரூபாய எங்க வச்சிக்கினாங்க?” என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் கிடங்கில், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலுக்கு ரோமம் வழிப்பது எங்கள் வேலை. பட்டாளத்துக்குப் பூட்ஸ் தேவைப்பட்டதால் கிடங்கு ஓயாமல் நடந்தது. வாரக் கூலி ஒரு ரூபாய். வெள்ளி எங்கோ பதுங்கிக்கொள்ள, காகிதம் வந்தது. கடைவீதியில் அதை யாரும் தொடவில்லை. “மழையில நனைஞ்சா இன்னாத்துக்கு ஆவும்?” என்று மளிகைக்கடைக்காரர் தள்ளிவிட்டார். ஆனால் கிடங்கு வாசலிலேயே கணக்குப்பிள்ளையின் மச்சான் துணி விரித்து உட்கார்ந்திருந்தான். நோட்டைக் கொடுத்தால் பதினாலு அணாவுக்குச் சில்லறை தருவான். மீதி இரண்டணா, மாற்றித் தருவதற்காக அவனுக்கு வட்டம். அந்த இரண்டணாவுக்கு நாங்கள் முக்கால் நாள் சுண்ணாம்பில் கை வெந்திருக்கிறோம். அதே நோட்டுக்கு வேலூர் கஜானாவில் முழு ரூபாய் என்பது அவனுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் குடியிருந்த வீடும் முதலாளியுடையதுதான். மாத வாடகை ஒரு ரூபாய். நாத்தனார் கூலியாக வாங்கிய நோட்டையே வாடகைக்கு நீட்டினாள்.

“இது பதினாலணா. இன்னும் ரெண்டணா குடு” என்றார் கணக்குப்பிள்ளை.

“நேத்து நீ குடுக்கும்போது முழு ரூபாதானே?”

“அது கூலி. இது வாடகை.”

“உன் கையில இருந்தா ரூபா, என் கையில வந்தா காகிதமா?”

அடுத்த கூலி நாளில் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நாங்கள் எல்லோரும் வைத்தோம். நேரத்தோடு எடுக்காவிட்டால் சுண்ணாம்பில் கிடக்கும் தோல் இற்றுப்போகும். முதலாளி குதிரை வண்டியில் விழுந்தடித்து வந்தார். தோலுக்காக வந்தார், எங்களுக்காக அல்ல.

“இன்னா வேணும் உங்களுக்கு?”

“ஒரு ரூபாய்க்குப் பதினாறணா” என்றாள் நாத்தனார்.

கிடங்கிலேயே முழுச் சில்லறை தரச்சொல்லிவிட்டுப் போனார். வாசலில் விரித்த துணி மறைந்தது. மறுவாரம் அவளுக்கு வேலை இல்லை, வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அவளோடு நானும் என் புருஷனும் மூட்டை கட்டினோம்.

கிளம்பும்போது அவள் கணக்குப்பிள்ளை முன் ஒரு நோட்டை வைத்தாள். “பாதி மாசம்தான் இருந்தோம். மீதி குடு.” அவர் ஆறணாவை எண்ணி அவள் கையில் வைத்தார். அவள் கையை மடக்கவில்லை. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் இரண்டணாவை வைத்த பிறகுதான் விரல்கள் மூடின.

குடியாத்தத்தில் தறி வீடுகளில் நூல் சுற்றியே அவள் காலம் முடிந்தது. துணி விரித்திருந்த அந்த மச்சான் இன்று ஆம்பூர் கடைவீதியில் பலகை மாட்டி வட்டிக்கடை நடத்துகிறான். ஊரே ‘ஐயா’ என்கிறது. போன வாரம் பாங்கில் வேலை பார்க்கும் என் மகன் பெருமையாகச் சொன்னான்: “பணம்னா வெறும் நம்பிக்கைதாம்மா.”

“யாரு நம்பணும், யாரு நம்பாமயே சம்பாதிக்கலாம், அதையும் உங்க பாங்கில சொல்லிக் குடுக்கிறாங்களாடா?” என்று கத்திவிட்டேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.