ஏழு தடவை ஓடிய நிரல்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘சர்வர் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகவே, புது டேட்டாபேஸ் வேண்டும் என்று வருகிறவர்கள் அவர் மேசை முன்னால்தான் கைகட்டி நிற்க வேண்டும். மூன்று நாள் இழுத்தடித்துத்தான் கொடுப்பார். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண்ணோ நாற்காலியை விட்டு எழாமலே, ஏபிஐ என்ற இணைப்பு வழியாக, வாடகைச் சர்வர்கள் இருக்கும் கிளவுடுக்கு நாலு வரி நிரல் அனுப்பினாள். டீ ஆறுவதற்குள் டேட்டாபேஸ் தயார். மேலாளர் கைதட்டினார். அண்ணனுக்கு வயிறு எரிந்தது.

‘எங்கேயாவது சொதப்பாமலா போகும்?’ என்று, அவள் சாப்பிடப் போன நேரத்தில் அதே நிரலைத் தன் கணினியில் ஓட்டிப் பார்த்தார். சொதப்பவில்லை. மறுபடி ஓட்டினார். ஏழு தடவை ஓட்டியும் அந்தப் பாழாய்ப்போன நிரல் ஒரு பிழைகூடக் காட்டவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு அவரிடம் ஓடி வந்தாள்.

“அண்ணா, உங்க பேர்ல புதுசா ஏழு டேட்டாபேஸ் நிக்குதே! எல்லாமே வேணுமா?”

“சும்மா சோதிச்சுப் பார்த்தேன்” என்றார், முகம் கொடுக்காமல்.

“அப்ப அழிச்சிடவா? அதுக்கும் ஒரே வரிதான்.”

“அழிச்சுத் தொலை.”

போன வருடம் முழுக்க அவர் கட்டிக்கொடுத்தது மொத்தமே ஆறு.