பழுதாக்கிக் காட்டிய ரஞ்சி அக்கா

ரஞ்சி அக்கா போய்விட்டார். இன்று விடிய, உடுவிலில், தன் வீட்டுக் கட்டிலில்.

எங்கள் 'வீட்டுப் பியர்' வட்ஸ்அப் குறூப்பில் அவருடைய கணவர் தேவா அண்ணைதான் போட்டார். ஒரே வரி. அதற்கு நேர் மேலே அக்கா நேற்றுப் போட்ட மெசேஜ் நிற்கிறது... அடுத்த மாத வகுப்பு, பியரில் பிழை கண்டுபிடிப்பது, எல்லாரும் சொந்தக் கிளாஸ் கொண்டுவரவும் என்று.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் வீட்டில் இஞ்சிப் பியரும் திராட்சை வைனும் செய்து பார்க்கிற கொஞ்சப் பேர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக் கராஜில் கூடுவோம்.

அக்காவுடையது மிஷன் பள்ளிக் குடும்பம். வைன் என்ற சொல்லையே குரலைத் தணித்துச் சொல்கிற வீடு. அங்கே கராஜ் முழுக்கப் போத்தல் என்றால் சனம் கதைக்காமல் இருக்குமா? அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அவரைக் கந்தோரில் ஒன்றாக வேலை செய்த காலத்திலிருந்தே தெரியும். ஸ்டாஃபுக்கு ட்ரெய்னிங் ஒழுங்கு செய்கிறது அவர் வேலை. கையெழுத்து வைத்துவிட்டுப் பின்வரிசை வாங்கில் நித்திரை கொள்கிறது எங்கள் வேலை.

பென்ஷன் எடுத்த பிறகும் மனுசி விடவில்லை. குறூப் தொடங்கின கையோடு வருடம் முழுவதற்கும் வகுப்புப் போட்டுவிட்டார். ஒரு மாதம் ஈஸ்ட். ஒரு மாதம் சீனி. ஒரு மாதம் போத்தல் கழுவுகிறது... உண்மையாகவே ஒரு பின்னேரம் முழுக்க இருந்து போத்தல் கழுவினோம்.

எனக்கு எரிச்சல். சனம் குடிக்க வருகிறது, படிக்க இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். குடித்துக்கொண்டே படிக்கலாம்தானே என்றார்.

ஒருமுறை ருசி பார்க்கிற ரேஸ்டிங் வகுப்பு. மேசையில் இஞ்சிப் பியர் மூன்று ஜக். ஒன்றுதான் நல்லது. ஒன்றில் வேண்டுமென்றே புளிப்பு வினாகிரி கலந்திருந்தார். மற்றதில் காட்போட் மட்டையைக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீர். காற்றுப் பட்டுப் பழசான பியர் அப்படித்தான் மணக்குமாம்.

எங்களுக்கு இதொன்றும் தெரியாது. குடித்துப் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாரும் நல்லாயிருக்கு என்றோம். மூன்றையும். கோப்பாய்க் குகன் வினாகிரி ஜக்கில் இரண்டாந்தரம் வாங்கிக் குடித்தான். பண்டத்தரிப்பு ஜெனிற்றா ரீச்சர் மட்டைத் தண்ணீர்ப் பியருக்குச் செய்முறை கேட்டார். நான் "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லித் தப்பினேன்.

வேறென்ன செய்வது... ஒருவர் வீட்டில் தருகிறதைக் குடித்துவிட்டு, நல்லாயில்லை என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் வருமா?

அக்கா ஸ்டூலில் இருந்துவிட்டார். "மூண்டு நாளா மினக்கெட்டுப் பழுதாக்கினனான். ஒருத்தரும் சொல்லேல்லையே."

அதன் பிறகு வகுப்பின் முறையே மாறியது. யார் செய்தது என்று தெரியாமல் ஊற்றித் தருவார். முதலில் பிழையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றக் கதை. ஜெனிற்றா ரீச்சர் "குறை நினைக்காதேங்கோ" என்று தொடங்காமல் இன்றுவரைக்கும் ஒரு பிழை சொன்னதில்லை. ஆனால் சொல்கிறார்.

பிறகு அக்காவுக்கு வருத்தம் வந்தது, பொல்லாத நோய். மருந்து ஏற்ற ஏற்ற அக்காவுக்கு நாக்கும் மூக்கும் வேலை செய்யாமல் போய்விட்டன. எதைக் குடித்தாலும் பச்சைத்தண்ணி மாதிரி இருக்கிறது என்றார். அப்படியிருந்தும் போன மாதம் ஒரு தடவை இஞ்சிப் பியர் போட்டார்.

அது சரியா பிழையா என்று அவருக்குத் தெரியாது. சுகம் விசாரிக்க வந்த சபை ஆட்களும் சொந்தக்காரரும் ஆளுக்கொரு கிளாஸ் குடித்து, அருமை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வருத்தத்தை விட அதுதான் அவருக்குக் கரைச்சல். தன் கடைசிப் பியர் எப்படி என்று அறியாமலே போய்விடுவேனோ என்று போனில் என்னிடம் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போனேன். தேவா அண்ணை கிளாஸில் ஊற்றித் தந்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் நின்று கண்ணைக் காட்டினார். நல்லதென்று சொல்லு என்று அர்த்தம். எனக்கு விளங்கியது.

ஒரு வாய் குடித்தேன். புளித்துப்போய்... தொண்டை எரிந்தது.

"தம்பி, நீராவது உண்மையைச் சொல்லும்," என்றார் அக்கா.

"பழுதாப் போச்சு அக்கா. வினாகிரி."

அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையணையில் சாய்ந்து கிடந்த அக்கா எழும்பி இருந்துவிட்டார். மணமா ருசியா, குடித்தவுடனா விழுங்கின பிறகா, கேள்விக்கு மேல் கேள்வி. மூடி இறுகவில்லை என்று கடைசியில் தானே முடிவுகட்டினார்.

பிறகு சிரித்தார். "மிச்சத்தை ஊத்திப்போடாதையும். வகுப்புக்குக் கொண்டுபோம். இந்தமுறை எனக்குப் பழுதாக்கிற வேலை மிச்சம்."

போத்தலோடு வெளிக்கிடும்போது அண்ணை படலைவரை வந்தார். நான் வெளியே கால் வைக்கவும் அதை அடித்துச் சாத்தினார். கோபம் என்று தெரிந்தது. வருத்தக்காரியிடம் போய் இப்படிச் சொல்லிவிட்டேனே என்று எனக்கும் வீடு வரும்வரை மனம் சரியில்லை.

இன்று காலை செத்தவீட்டில் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன்.

"தம்பி, அண்டைக்கு நீர் போனாப் பிறகு அவ சோறு கேட்டவ. கன நாளைக்குப் பிறகு."

அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாளை பின்னேரம் ஆராதனை, வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். அக்காவின் அந்தப் பழுதான பியர்ப் போத்தல் என் வீட்டு ஃபிரிட்ஜில் நிற்கிறது.

போயிட்டு வாங்கோ அக்கா. வகுப்பு நடக்கும்.