ஒரே ஒரு முறை போட்ட சட்டை

துணி எத்தனை நாள் உழைக்கும் என்று ஆராய்வதுதான் கொல்கத்தாவில் என் வேலை. சட்டை நீடித்து உழைத்தால் மக்கள் புதிது வாங்குவது குறையும் என்பது எங்கள் எண்ணம். அதற்காகச் சிலருக்குப் பருத்திச் சட்டை ஒன்றும் ஓர் அட்டையும் கொடுத்திருந்தோம். ஆறு மாதம், சட்டையைப் போடுகிற நாளையும் துவைக்கிற நாளையும் அதில் குறிக்க வேண்டும்.

நகரின் தெற்கே டாக்குரியா பகுதியில் நான் சட்டையைத் திரும்ப வாங்கப் போன வீட்டில், வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர் தனியாக இருந்தார். அவர் மேசையில் வைத்த சட்டையில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. அட்டையில் மட்டும் ஒரு நாள் விடாமல் ‘போடவில்லை’ என்று எழுதியிருந்தார்.

“ஏன் சார் போடவே இல்ல?”

“நல்ல சட்டையாச்சே, எங்கயாவது போறப்ப போடலாம்னு வெச்சேன். எங்கயும் போகலம்மா.” சங்கடமாகச் சிரித்தார். “உங்க வேலையைக் கெடுத்துட்டேனோ?”

“அதெல்லாம் இல்ல சார்” என்றேன்.

“இருங்க, டீ போடறேன்” என்று சட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கோப்பைகளோடு வந்தார். ஒரு மணி நேரம் பேசினோம். தமிழில் வாய்விட்டுப் பேசி எனக்கும் பல வாரம் ஆகியிருந்தது அப்போதுதான் உறைத்தது. சால்ட் லேக் அலுவலகத்தில் வங்காளமும் ஆங்கிலமும்தான். வாடகை அறையில் பேச ஆளே இல்லை.

ஒரு முறை போட்ட சட்டை ஆய்வுக்கு உதவாது. அவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, சட்டையை அவரிடமே விட்டுவிட்டேன். அடுத்த மாதம், ஆய்வுக்காகக் கேட்க எந்தக் கேள்வியும் இல்லாமலே, அவரைப் பார்க்க டாக்குரியாவில் போய் இறங்கினேன்.