பழுப்புப் பொத்தான் வைத்த கோட்டு

போன வெள்ளிக்கிழமை குவைத்தில், மங்காஃபில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் சலவைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கம்பளித் துணி சூடேறும்போது ஒரு வாசனை வருமே, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் பழைய அத்தர், கொஞ்சம் யாருடையதென்று தெரியாத வேர்வை, அது மூக்கில் ஏறியது. யாரோ ஒருவருடைய கறுப்புக் கோட்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து முறைத்தார். அவருக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி வராது. உங்களிடம் சொல்லலாம்.

என்னிடமும் இப்படி ஒரு கோட்டு இருந்தது. என் மாமனார் தைத்துக் கொடுத்தது. அப்போது நான் ஃபஹாஹீல் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டு, போல்ட்டு, கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கொடுப்பதும் எழுதிக்கொண்டு வாங்குவதும்தான் டூட்டி. ரொம்ப நிலையான வேலை. ஆறு வருடத்தில் அந்த நாற்காலியில் என் உருவமே பள்ளமாக விழுந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தில் பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என் முகத்தைவிட, நான் எடுத்துப்போயிருந்த கம்பெனி அடையாள அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பின்பக்கம் அரபியில் ஏதோ எழுதியிருந்ததில் அவருக்கு முழுத் திருப்தி. கம்பெனி மாப்பிள்ளை என்பதால் வேட்டி சட்டை போதாது என்று திருச்சிக்கு அழைத்துப்போய் அளவெடுத்து அந்தக் கோட்டைத் தைத்தார்.

வரவேற்பு மேடையில் ஏறும் நேரம் பார்த்துக் கீழ்ப் பொத்தான் தெறித்து எங்கோ உருண்டுவிட்டது. கறுப்புப் பொத்தானுக்கு எங்கே போவது? கல்யாணமாகி ஆறு மணி நேரம்கூட ஆகாத மல்லிகா, யாருடைய சட்டையிலிருந்தோ ஒரு பழுப்புப் பொத்தானைப் பிய்த்து, பட்டுப்புடவையோடு உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். “யாரும் பாக்க மாட்டாங்க, போங்க” என்றாள். அவள் எனக்காகச் செய்த முதல் வேலை அது. கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவளை ஊரில் விட்டுவிட்டு, நான் குவைத்துக்கு விமானம் ஏறினேன்.

போட்டோ பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால், கம்பெனிதான் பிடிக்க வைத்தது. மாதாமாதம் நன்றாக வேலை செய்தவர்களைப் படம் எடுத்துப் பலகையில் ஒட்டுவார்கள். ஸ்டோரில் சும்மா கிடந்த கேமராவை என் தலையில் கட்டினார்கள். நான் எடுத்த படத்தைப் பார்த்து, சாரம் கட்டும் முருகேசன் “அண்ணே, எங்க அம்மா பெத்ததவிட நல்லா இருக்கேண்ணே” என்றான். இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒருவன் வேலையை விடுவானா? நான் விட்டேன். மேனேஜர் ராஜினாமாக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “சோச் லோ, பாய்” என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். கலைஞன் என்றால் அப்படித்தானே! என் ஹெல்மெட்டை நானே ஒப்படைத்து, அதை நானே பெற்றுக்கொண்டதாக நானே கையெழுத்தும் போட்டேன். அடையாள அட்டை மட்டும் தொலைந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். அது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

கஃபீல் என்கிற உள்ளூர் ஸ்பான்சர் ஒருவரின் பெயரில் லைசென்ஸ் எடுத்து, விசாவை மாற்றி, ஃபஹாஹீலில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ திறந்தேன். வெள்ளிக்கிழமையானால் தொழிலாளர் கேம்பிலிருந்து கூட்டம் வரும். எல்லோருக்கும் ஊரில் பெண் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் கோட்டுப் போட்ட படம் வேண்டும். என் கோட்டைக் கொடுத்தேன். ஒல்லியானவனுக்கு முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்குவேன், குண்டானவனை மூச்சைப் பிடிக்கச் சொல்வேன். படம் இடுப்புக்கு மேலேதான், கீழே லுங்கி இருந்தால் யாருக்குத் தெரியும்? கொத்தனார், வெல்டர், தண்ணீர் லாரி ஓட்டுபவர் எல்லோரும் என் கல்யாணக் கோட்டுக்குள் நுழைந்து மேனேஜராக வெளியே வந்தார்கள். இப்படி மற்றவர்கள் பொய் சொல்லக் கோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த நான், எனக்கு வேண்டிய பொய்யையும் தயாரித்துக்கொண்டேன்.

வேலையை விட்டதை மல்லிகாவிடம் சொல்லவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று இருந்தேன். பிறகு தொழில் கொஞ்சம் சூடு பிடிக்கட்டும் என்றேன். சொன்னால் மாமனார் காதுக்குப் போகும். அவர் பெண்ணைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் உட்கார வைத்துவிடுவார் என்று உண்மையாகவே பயந்தேன். அதனால் ஒரு ஹார்டுவேர் கடையில் ஹெல்மெட் வாங்கினேன். கடையின் பின்னால் அடுக்கியிருந்த பைப்புகளுக்கு முன்னால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அட்டையைக் கழுத்தில் மாட்டி, வாரம் ஒரு படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொள்வேன். தொழில் சுத்தம்! எடுத்து முடித்ததும் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்து ஏசியைக் கூட்டி வைத்துக்கொள்வேன்.

எட்டாவது மாதம் மல்லிகா போனில் கூப்பிட்டாள்.

“என்னங்க, தங்கச்சிக்கு ஒரு வரன் வந்திருக்கு. உடையார்பாளையத்துப் பையன், குவைத்துல இருக்காராம். தரகர் போட்டோ குடுத்தாரு.”

“நல்லது.”

“மாப்பிள்ள உங்க கோட்டப் போட்டிருக்காரு.”

நான் சிரித்தேன். கறுப்புக் கோட்டு உலகத்தில் ஒன்றுதானா என்று கேட்டேன்.

“கீழ்ப் பொத்தான் பழுப்பு. நான் தைச்சதுங்க. எனக்குத் தெரியாதா?”

முருகேசனுக்கு உடையார்பாளையம் என்பது எனக்குத் தெரியும். அங்கிருந்து ஜெயங்கொண்டம் எவ்வளவு தூரம் என்பதும் தெரியும். அந்தப் பொத்தானில் வெளிச்சம் விழுந்து பளபளக்கும்படி விளக்கைச் சரிசெய்ததும் நானேதான். அது படத்துக்கு ஓர் அழகு கொடுக்கிறது என்று முருகேசனிடம் பெருமையாக வேறு சொல்லியிருந்தேன்.

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப அந்த ஹெல்மெட்டு?”

“கடையில வாங்கினது.”

“வேர்வ?”

“தண்ணி.”

“வெயில்ல நிக்கிறாரேன்னு செவ்வாக்கிழம செவ்வாக்கிழம ஒருபொழுது இருந்தேங்க. அந்தப் படத்தத்தான் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்.”

அவள் அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். வேலையை விட்டதற்கு ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. “பிடிச்ச வேலன்னா செய்ய வேண்டியதுதானே, எங்கிட்ட சொன்னா நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்” என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

மாமனார்தான் குதித்தார். “நான் தைச்சுக் குடுத்த கோட்டப் போட்டுக்கிட்டு எங்கிட்டயே பொண்ணு கேக்குறானா?” என்று அந்த வரனை விரட்டிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை முருகேசன் வாசலில் வந்து நின்று, “வேற கோட்டு இல்லையாண்ணே?” என்று கேட்டான். பிறகு அவனுக்கு வேறு இடத்தில் கூடி வந்தது. கல்யாணத்துக்கென்று அதே கோட்டை வாங்கிப் போனவன் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

நிலையான வேலை கொடுத்த அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. ப்ராஜெக்ட் முடிந்ததும் கலாஸ், அவ்வளவுதான் என்று எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. “மாப்பிள்ளைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு” என்று மாமனார் ஊரெல்லாம் பெருமையடிக்கிறார். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஸ்டூடியோ நடக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். நான் எடுக்கும் படத்தை ஊரே நம்புகிறது.

போன வெள்ளிக்கிழமை இஸ்திரி முடிந்து சலவைக் கடையில் தொங்கிய அந்தக் கோட்டைப் படம் எடுத்து மல்லிகாவுக்கு அனுப்பினேன். ‘உன் ஞாபகம் வந்தது’ என்று எழுதியும் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் வீடியோ கால் வந்தது.

“எங்க இருக்கீங்க?”

“சலவைக் கடையில.”

“கேமராவ ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க.”

காட்டினேன். இஸ்திரிப் பெட்டி, கோட்டு, முறைத்துக்கொண்டிருந்த கடைக்காரர், வெளியே தெரு. “சரி” என்று வைத்துவிட்டாள். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை, வருடக்கணக்காக எல்லாப் படத்துக்கும் இப்படித்தான் கேட்கிறாள், பழகிவிட்டது. பைப்புக்கு முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றவனை ஒருத்தி அப்படியே நம்பி, எட்டு மாதம் செவ்வாய்க்கிழமைகளில் பட்டினி கிடந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல படங்கள் எடுத்துவிட்டேன். அவற்றை அப்படி நம்பிப் பார்க்க அந்தப் பழைய மல்லிகா இல்லை.